முனியாண்டியின் நிறம்

ஈப்போவில் என்னை முதலில் கோபப்படுத்தியது பேருந்து நிலையம். கோலாலம்பூரில் ஏறும்போது பலகையில் ‘ஈப்போ’ என்றுதான் போட்டிருந்தது. இறக்கிவிட்டதோ ஊருக்கு வெகு வெளியே, மேரு என்ற இடத்தில். பொள்ளாச்சியில் பேருந்தை விட்டு இறங்கினால் எதிரே டீக்கடை இருக்கும். இங்கே எதிரே நெடுஞ்சாலை. என் பெட்டியைத் தூக்கி வைத்த வாடகைக்கார் ஓட்டுநர், “மொத தடவையா அக்கா? எல்லாரும் இங்க எறங்குனதும் கோவப்படுவாங்க லா” என்று சிரித்தார். அவர் சிரித்ததில் எனக்குக் கோபம் இன்னும் கொஞ்சம் ஏறியது.

நான் கல்யாணப் படங்களைத் திருத்திக் கொடுப்பவள். எட்டு வருடங்களாகப் பொள்ளாச்சியில் எங்கள் வீட்டுப் பின்னறையில் கணினி முன் உட்கார்ந்து, கடல் தாண்டி நடக்கும் கல்யாணங்களை ஆல்பமாக்கி அனுப்புகிறேன். அவற்றில் பாதிக்கு மேல் ஈப்போவில் குணா என்பவர் நடத்தும் ஸ்டூடியோவின் வேலை. அவர் புதிதாக இரண்டு பெண்களை வேலைக்குச் சேர்த்திருந்தார். “நீங்க வந்து பத்து நாள் சொல்லிக் குடுத்தீங்கன்னா போதும் சிஸ்டர். அந்த ஸ்கின் வேல உங்க கைக்குத்தான் வருது” என்றார். பெருமையாக இருந்தது. கிளம்பிவிட்டேன்.

மறுநாள் ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் சுவர் முழுக்க நான் திருத்திய முகங்கள். மணப்பெண்கள், மாப்பிள்ளைகள், மாலையும் கழுத்துமாகப் பெற்றோர்கள். எல்லாரும் பால்கோவா நிறத்தில் பளபளத்தார்கள். வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணோ நல்ல கறுப்பு. குணாவும் கறுப்பு. நானும் கறுப்பு. எங்கள் மூவரின் தலைக்கு மேலும் அந்த வெளுத்த கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எப்படிச் செய்வது என்பதை அந்த இரண்டு பெண்களுக்கும் ஒரு மணி நேரத்தில் காட்டிவிட்டேன். நம் தோலின் நிறத்தைக் கணினி ஆரஞ்சு என்றுதான் எடுத்துக்கொள்ளும். அந்த ஆரஞ்சின் வெளிச்சத்தை மட்டும் ஏற்றி, அடர்த்தியைக் குறைத்தால், சேலையும் நகையும் மாறாமல் தோல் மட்டும் வெளுக்கும். பிறகு தழும்பு, மச்சம், கண்ணுக்குக் கீழே சுருக்கம். ஒரு முகத்துக்கு நாலு நிமிடம் போதும். “வாவ், மேஜிக் மாதிரி இருக்கு லா” என்றாள் ஒருத்தி. குணா ஆள் அனுப்பி எனக்குக் காப்பி வரவழைத்தார். இந்த ஊரின் பெருமை வெள்ளைக் காப்பியாம். கிளாஸில் வந்ததோ பழுப்பு நிறம். பெயரில் மட்டும்தான் வெள்ளை.

மூன்றாம் நாள் மதியம் வாழையிலைச் சோற்றுக்கு லிட்டில் இந்தியாவில் ஒரு கடைக்குப் போனேன். கூட்டம். எனக்கு எதிரே இருந்த நாற்காலியில், கையுறை தயாரிக்கும் தொழிற்சாலையின் சட்டை போட்ட ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். முப்பது வயதிருக்கும். இடது புருவத்துக்கு மேலே அரை அங்குலத்துக்கு ஒரு தழும்பு, ஓரத்தில் சற்றே வளைந்து.

சோற்றைப் பிசைந்த கை நின்றுவிட்டது. அந்தத் தழும்பை எனக்குத் தெரியும். அதை நான் ஒரே வாரத்தில் நூறு தடவையாவது அழித்திருக்கிறேன்.

“என்னாக்கா, அப்புடி பாக்குறீங்க?” என்றாள்.

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் தெரிந்த முகத்தை வெளியூரில் பார்த்த சந்தோஷம். “உங்க கல்யாணத்துல நீங்க மயில்பச்சைச் சேலைதானே? உங்க ஆல்பத்தைச் செஞ்சது நான்தான்” என்றேன்.

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள்.

“நீங்கதானா அது?” என்றாள். “எங்கப்பாவ வெள்ளக்காரனா ஆக்குனது?”

அவள் பெயர் தேவிகா. அப்பா முனியாண்டி போன மாதம் தவறிவிட்டார். பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர், தோட்டத்தில் ரப்பரை அழித்து எண்ணெய்க்கான செம்பனை நட்ட பிறகு, சிம்பாங் பூலாயில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். கேமராவைக் கண்டால் நகர்ந்துவிடுகிற மனிதர். கைப்பேசியில் இருந்தவை எல்லாம் முதுகும் பாதித் தலையும்தான். அடையாள அட்டைப் படம் நகத்தளவு. நேராக நின்று எடுத்த படம் என்றால் மகள் கல்யாணத்தில் எடுத்ததுதான். அதைத்தான் பெரிதாக்கி மாலை போட்டார்கள்.

“பதினாறாம் நாளு லூமுட்லேருந்து எங்க சித்தப்பா வந்தாரு. சொந்தத் தம்பிக்கா. படத்தப் பாத்துட்டு, இது யாரு, அண்ணன் படத்த எங்கன்னு கேக்குறாரு. எங்கம்மா எழுந்து அடுப்படிக்குப் போயிட்டாங்க. அன்னையிலேருந்து அந்தப் படத்துக்கு முன்னால அவங்க விளக்கு வைக்கல.”

“ஸ்டூடியோல போய் ஒரிஜினல் கேக்கலையா?”

“ரெண்டு வாட்டி போனேன். ஹார்ட்டிஸ்க் ரோசாக்காம், கெட்டுப் போச்சாம். அதோட விட்டாரா? ‘அப்பா ஹேண்ட்சமாத்தானே இருக்காரு, என்ன கொறைச்சல்’னு கேட்டாரு அக்கா.”

இலையில் இருந்த சோறு அப்படியே கிடந்தது. கோபம் வந்தது, குணா மேல் வருவது சுலபம் என்பதால் முதலில் அவர் மேல் வந்தது. கடையை விட்டு இறங்கி வெயிலில் நடக்கும்போது திசை மாறிவிட்டது. குணா அந்த லாரிக்காரரின் படத்தை எனக்கு அனுப்பினார், அவ்வளவுதான். வெளுத்தது நான். ‘ஸ்கின் நல்லா ஃபேரா வரட்டும்’ என்று ஒவ்வொரு கோப்போடும் ஒரு வரி வரும். எட்டு வருடத்தில் ஒருமுறைகூட ‘ஏன்’ என்று திருப்பி எழுதவில்லை.

ஸ்டூடியோவில் குணாவிடம் கேட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார்.

“சிஸ்டர், நான் ஒண்ணும் கெட்டவன் இல்ல. கருப்பா குடுத்தா பொண்ணோட மாமியா வந்து மொகத்துக்கு நேரா திட்டிட்டுப் போவுது. எல்லாருக்கும் சாந்தேக்கா, அழகா வேணும்.”

“அந்தப் பொண்ணு அப்பாவ வெளுக்கச் சொல்லிக் கேட்டுச்சா?”

“ஆல்பம்னா எல்லாரும் ஒரே டோன்ல இருக்கணும்ல? நீங்கதானே செஞ்சீங்க? அப்ப ஒண்ணும் சொல்லலையே!”

செய்தது நான்தான். இருந்தாலும் விடவில்லை. “அந்தக் கல்யாணத்து ஒரிஜினல் எங்கிட்ட இருந்தா குடுக்கலாமா?” என்றேன்.

அவர் முகம் மாறியது. “வேல முடிஞ்சதும் அழிச்சிடணும்னு சொல்லியிருந்தேன்ல? குடுத்தீங்கன்னா நாளைக்கு ஊரே வாசல்ல வந்து நிக்கும். வேணாம் சிஸ்டர். நம்ம பழக்கத்துக்குச் சொல்றேன்.”

அழிக்கச் சொல்லியிருந்தார், உண்மை. நான் எதையும் அழிப்பதில்லை. எங்கள் வீட்டு அலமாரியில் சேலைகளுக்கு அடியில் பதினொரு ஹார்ட்டிஸ்க் வட்டுகள் அடுக்கியிருக்கின்றன. அன்று மாலையே கணவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகக் கணினியில் செருகிப் பார்த்து, ஏழாவது வட்டில் கண்டுபிடித்தார். “தேவிகா, மயில்பச்சை, சரியா?” என்றார். சரி என்றேன். தேவிகாவின் அப்பா இருக்கும் படங்களை மட்டும் பிரித்து அனுப்பினார்.

மறுநாள் குணாவிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு விடுதி அறையில் அந்தப் படங்களைத் திறந்தேன். மொத்தம் பன்னிரண்டு. இங்கே எனக்கு வந்த கோபம் தொழில் கோபம். படம் எடுக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன்.

பதினொரு படங்களில் ஃபிளாஷ் நேராக முகத்தில் அடித்திருந்தது. கறுத்த தோலின் அழகு அதன் மினுக்கத்தில் இருக்கிறது. கன்ன எலும்பின் மேலும் மூக்கின் ஓரத்திலும் ஒளி வழுக்கும்போதுதான் முகத்துக்கு மேடும் பள்ளமும் வரும். பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம் அதைக் கொடுக்கும். நேரே அடிக்கும் ஃபிளாஷ் எல்லாவற்றையும் தட்டையாக்கி, நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்துவிட்டுப் போகும். போதாததற்கு, எடுத்தவர் வெளிச்சத்தை வேண்டுமென்றே இரண்டு படி கூட்டி வைத்திருந்தார். அதாவது நான் கைவைப்பதற்கு முன்பே கேமராவில் வெளுப்பு தொடங்கிவிட்டது. வேட்டியின் மடிப்பும் கரையும் தெரியாமல் வெள்ளைக் காகிதமாகியிருந்தது. அப்படிப் போனதை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

பன்னிரண்டாவதில் ஃபிளாஷ் எரியவில்லை. ஏதோ கோளாறு. ஆல்பத்துக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய படம், பார்த்தால் கும்மிருட்டு. திறந்து, வெளிச்சத்தை மெல்ல ஏற்றினேன். மண்டபத்தின் பக்கவாசல் வழியே வந்த பகல் வெளிச்சம் அவருடைய இடக்கன்னத்தில் விழுந்திருந்தது. சதுரத் தாடை. கீழுதட்டைப் பற்களால் லேசாகக் கடித்தபடி, யாரையோ பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறார். இருட்டிலிருந்து இழுத்ததால் மணல் மணலாகப் புள்ளிகள் வந்தன. அவற்றை மழுங்கச் செய்தால் தோலும் சேர்ந்து மழுங்கும். அப்படியே விட்டேன்.

ஆனால் நிறம்? மேடையில் இளஞ்சிவப்பு விளக்கு, வாசலில் பகல். அந்தக் கலவையில் அவருடைய உண்மையான நிறம் எது? எனக்கு எப்படித் தெரியும்? நான் அவரைப் பார்த்ததே இல்லை. இத்தனை வருடம் இந்தக் கேள்வியே வராமல் வேலை பார்த்திருக்கிறேன் என்பதுதான் கேவலம்.

தேவிகாவிடம் சொன்னேன். “அம்மாகிட்ட போலாம் அக்கா. அவங்களுக்குத்தான் தெரியும்” என்றாள்.

சனிக்கிழமை அவளுடைய காரில் போனோம். ஈப்போவைத் தாண்டியதும் சுண்ணாம்புக்கல் மலைகள் சாலையோரம் வரை வந்து நிற்கின்றன. சிலவற்றைப் பாதி வெட்டி எடுத்துவிட்டார்கள். வெட்டிய பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. “அப்பா அங்கதான் லோடு ஏத்துவாரு” என்று காட்டினாள். பிறகு மண்சாலை, இரு பக்கமும் செம்பனை. நடுவழியில் கார் சேற்றில் சிக்கியது. இரண்டு பேரும் இறங்கி மட்டைகளைச் சக்கரத்துக்கு அடியில் போட்டு மீட்பதற்குள் என் காலணி ஒன்று போயே போய்விட்டது. பெயருக்கு மட்டும் அது ரப்பர்த் தோட்டம். ஒரு பால்மரம் கூடக் கண்ணில் படவில்லை. தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் ஐந்தில்தான் ஆள் இருந்தது. வீடு மாற்றித் தருவதாகச் சொன்னவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்களாம்.

தேவிகாவின் அம்மா மாரியாயி வாசலில் நின்றார். ஒல்லியான, நிமிர்ந்த பெண்மணி. என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். “காலக் கழுவிட்டு வா. சாப்டாச்சா?” என்றார். கருவாட்டுச் சம்பலும் சோறும் போட்டார். அவ்வளவு ருசியான சாப்பாட்டை அவ்வளவு கூச்சத்தோடு நான் சாப்பிட்டதில்லை. சுவரில் அந்த வெளுத்த முனியாண்டி, காய்ந்த மாலையோடு.

மடிக்கணினியைத் திறந்து, “அம்மா, கல்யாணத்தன்னைக்கு அவர் போட்டிருந்த சட்டை இருக்கா?” என்றேன். கேள்வி அவருக்கு விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டும். உள்ளே போய்க் கொண்டுவந்தார். சந்தன நிறப் பருத்திச் சட்டை, மடித்து வைத்தது மடித்தபடி.

நிறம் பிடிப்பதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. படத்தில் இருக்கும் ஒரு பொருள் கைவசம் இருந்தால், அதைத் திரைக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒன்றாகும்வரை படத்தின் நிறச்சமநிலையை நகர்த்தலாம். பொருள் சரியானால் அதே வெளிச்சத்தில் இருக்கும் தோலும் பெரும்பாலும் சரியாகிவிடும். சன்னலோரம் உட்கார்ந்து, வெயில் நேராகப் படாமல், சட்டையைத் தேவிகா பிடித்துக்கொள்ள, படத்திலிருந்து இளஞ்சிவப்பை மெல்ல இறக்கினேன். சட்டை சட்டையாயிற்று.

“இப்ப முகத்தைப் பாருங்கம்மா. எவ்வளவு கறுப்பு இருக்கணும், நீங்க சொல்லுங்க.”

மாரியாயி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் நின்றார். “இன்னும் கருப்பு.”

வெளிச்சத்தைக் குறைத்தேன்.

“அவ்ளோ இல்ல. அவரு என்ன கரியா? கொஞ்சம் செவப்பு கலந்தாப்ல இருப்பாரு.”

மாற்றினேன். “கழுத்துக்கும் மொகத்துக்கும் ஒரே நெறமா வச்சிருக்க? லாரி ஓட்டுற ஆளு. வெயிலு சன்னல் பக்கமாத்தான் அடிக்கும். வலது கன்னம் கூடக் கருத்திருக்கும்” என்றார். வலக்கன்னத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த வேற்றுமை மூலப் படத்தில் இருக்கத்தான் செய்தது. வழக்கம்போல என் கைதான் அதைச் சமப்படுத்தப் போயிருந்தது. இருந்தபடியே விட்டேன்.

இப்படியே அரை மணி நேரம். பிறகு அவர் என் தோளைத் தாண்டித் திரையிடம் குனிந்தார். அடுத்து அவர் பேசியது என்னோடு இல்லை.

“காலர் பட்டனப் போடுன்னு எத்தன வாட்டி சொன்னேன்? கேட்டியா? பாரு, இப்ப எல்லாரும் பாக்குறாங்க.”

தேவிகா சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எனக்குச் சேமிக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்றே சற்று நேரம் தெரியவில்லை.

திங்கட்கிழமை அந்தச் சட்டையையும் எடுத்துக்கொண்டு அச்சடிக்கப் போனோம். பழைய நகரத்துப் பக்கம் ஒரு சீனர் வைத்திருக்கும் கடை. முதல் அச்சு வெளியே வந்ததும் நான் கத்திவிட்டேன். முனியாண்டி மறுபடியும் வெளுத்திருந்தார்! அச்சு இயந்திரமே முகத்தைக் கண்டுபிடித்துத் தானாக வெளிச்சம் கூட்டிவிடுகிறதாம். பொள்ளாச்சியில் நான், ஈப்போவில் ஃபிளாஷ், எல்லாம் போதாதென்று இதற்கென ஒரு இயந்திரம்!

கடைக்காரர் தேவிகாவிடம் மலாய் மொழியில் சொன்னதை அவள் எனக்குச் சொன்னாள்: “கருப்பா வந்தா மறுபடி அடின்னு கொண்டாந்துருவாங்களாம். அதனால அத எப்பவும் போட்டே வச்சிருக்காராம்.”

“எடுக்கச் சொல்லு” என்றேன்.

“எடுத்தா இருட்டா வருமாம்.”

“வரட்டும். இவர் இருட்டுத்தான்!”

கடைக்காரர் என் குரலைக் கேட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். சட்டையைக் காட்டி, அது யாருடையது என்று தேவிகாவிடம் கேட்டார். அவள் சொன்னாள். அவர் தானியங்கியை அணைத்தார். காகிதத்தில் கறுப்பு சற்று அமுங்கும் என்று சொல்லி, மூன்று விதமான அழுத்தத்தில் ஒரே தாளில் மூன்று துண்டுகள் அடித்தார். கடைக்குள் இருந்த விளக்கை நம்பாமல் தாளை அவரே வாசலுக்கு எடுத்து வந்து, பகல் வெளிச்சத்தில் சட்டையோடு சேர்த்துப் பிடித்து, நடுத்துண்டைத் தொட்டார். பளபளப்பில்லாத தாளில் அடிக்கச் சொன்னதும் அவர்தான். நல்ல கண் அவருக்கு.

அன்று மாலையே தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். மாரியாயி சுவரிலிருந்த சட்டத்தைக் கழற்றி, பழைய படத்தை உருவி எடுத்து, புதியதை வைத்து, ஆணியில் மாட்டி, நேராக இருக்கிறதா என்று மகளிடம் கேட்டார். விளக்கேற்றினார். பிறகு பழைய படத்தை என் கையில் கொடுத்தார்.

“இத நீயே வச்சுக்க” என்றார். “எத்தன பேர இந்த மாதிரி செஞ்சிருக்க?”

எண்ணிப் பார்த்ததில்லை என்றேன்.

“அவங்கள்ட்டயும் அவங்கவங்க மொகத்தக் குடு.”

மன்னித்துவிட்டார் என்று எழுத ஆசைதான். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

குணாவிடம் நடந்ததைச் சொன்னேன். மறைக்கவில்லை. அவர், “இனிமே உங்களுக்கு ஃபைல் அனுப்ப மாட்டேன் சிஸ்டர்” என்றார். புதிதாகச் சேர்ந்த பெண்களில் ஒருத்தி வாசல்வரை வந்து, “அப்ப நான் இத எப்புடி செய்யணும் அக்கா?” என்று கேட்டாள். படம் எடுத்தால் முகத்தில் விழும் ஒளியை அளந்து வெளிச்சம் வை, பக்கத்திலிருந்து ஒளி எடு, தழும்பை அழிக்கும் முன் கேட்டுவிட்டு அழி என்றேன். பாஸ் திட்டினால் என்ன செய்வது என்று அவள் கேட்டாள்.

பொள்ளாச்சி வந்து பதினொரு வட்டுகளையும் கீழே இறக்கினேன். ஆல்பத்துக்காகப் பெயரும் தொலைபேசி எண்ணும் கொடுத்திருந்தவர்களுக்கு ஒவ்வொருவராக எழுதினேன்: ‘உங்கள் கல்யாணப் படங்களை வெளுத்தவள் நான். திருத்தாத படங்கள் என்னிடம் இருக்கின்றன. வேண்டுமா?’

தைப்பிங்கிலிருந்து முதல் பதில் வந்தது. தயவுசெய்து அவற்றை யாருக்கும் காட்டாமல் அழித்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாள் ஒரு பெண். கீழே மூன்று முறை ‘ப்ளீஸ்’. அழித்தேன். கோபமாக இருந்தது, அவள் மேல் இல்லை.

இரண்டாவதாகத் தஞ்சோங் மாலிமிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். பின்னால் குழந்தை ஒன்று ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது.

“எம் பொண்டாட்டி எப்புடி இருந்துச்சுன்னு எம் பிள்ளைக்குக் காட்டணும்” என்றார். “இருக்காக்கா?”

இருக்கிறது என்றேன். கல்யாணத்தில் அவர் கட்டிய சேலை வீட்டில் இருந்தால் எடுத்து வையுங்கள், நிறம் பார்க்க வேண்டும் என்றேன்.